கோத்தகிரி மக்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

இந்த வலசைக் காலத்தில் கோத்தகிரிச் சரிவுகளில் பறவை பார்க்க எங்களுக்குத் துணை நின்ற அத்தனை பேருக்கும் மனமார்ந்த நன்றி.

முதல் நன்றி கொழுந்து பறிக்கும் அக்காமாருக்கு. செப்டம்பரில் எங்களுக்கு முன்பே நீங்கள் பார்த்துவிட்டீர்கள். "வாலை ஆட்டிக்கிட்டே இருக்குமே, அது வந்துடுச்சு" என்று ஓடையையும் காட்டினீர்கள். சாம்பல் வாலாட்டிதான். இமயமலையிலிருந்தும் அதற்கு வடக்கேயிருந்தும் நம் மலைக்கு வருகிறவற்றில் பெரும்பாலும் இதுவே முந்திக்கொள்ளும். ஈரப்பாறையில் அடிவயிற்று மஞ்சள் பளிச்சென்று தெரிய, வால் ஒரு நொடி ஓயாமல் பூச்சி பிடித்துக்கொண்டிருந்தது.

அப்புறம், ஜன்னல் கண்ணாடியில் மோதி விழுந்த ஆறுமணிக்குருவியைக் காப்பாற்றிய அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது! இரவில் பறந்து தெற்கே போகும் இந்தப் பறவை, அக்டோபர் வாக்கில் இப்படி வீட்டு வாசல்களில் களைத்து விழுவது உண்டு. பதற்றத்தில் பலரும் வாயில் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். அது மூச்சுக்குழாய்க்குள் போனால் ஆபத்து. நீங்கள் செருப்பு டப்பாவில் ஓட்டை போட்டு, துணி விரித்து, இருட்டான மூலையில் வைத்துவிட்டு, எட்டிக்கூடப் பார்க்காமல் இருந்தீர்கள். அந்தப் பொறுமைதான் அதைப் பிழைக்க வைத்தது. பொழுது சாயும் நேரம் டப்பாவைத் திறந்தோம். பச்சை முதுகு, தோளில் நீலத் திட்டு, குட்டை வாலுக்குக் கீழே ரத்தச் சிவப்பு. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு உண்ணிச்செடிப் புதருக்குள் தத்திப் போய்விட்டது.

லாங்வுட் சோலையைக் காத்துவரும் ஊர்க்காரர்களுக்கும் வனத்துறைக் காவலர்களுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். ஊரை ஒட்டிய 116 ஹெக்டேர் சோலை. 2024-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பிடித்தது. வெள்ளைப் புருவமும் செம்மஞ்சள் நெஞ்சுமாக இமயத்து நீல ராபின் தரையில் இலைச்சருகைக் கிளறுவதைப் பார்க்க முடிந்தது என்றால், அங்கே அந்தச் சருகும் நிழலும் இன்னும் மிச்சமிருப்பதால்தான்.

மழையில் ஒதுங்க இடம் கொடுத்த டீக்கடை அண்ணனுக்கும் நன்றி.

ஒரு வேண்டுகோள். முதல் வாலாட்டி வந்த நாளைப் பலரும் குறித்து வைக்கிறார்கள். கடைசி வாலாட்டி கிளம்பும் நாளைக் குறிப்பவர்கள் குறைவு. மார்ச், ஏப்ரலில் உங்கள் ஓடையில் அதைக் கடைசியாகப் பார்த்த தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள். நாங்கள் வந்து வாங்கிக்கொள்கிறோம்.