கவசத்தின் விளிம்போடு நின்றுகொள், தம்பி

அன்புத் தம்பிக்கு,

நாயக்கர் மகாலில் எடுத்து, ஏஐயில் மெருகேற்றி நீ அனுப்பிய காஸ்பிளே (கதாபாத்திரம் மாதிரி வேஷம் கட்டுவது) படத்தையும் அதன் அசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். அசலில் இடது தோள் கவசத்தில் 7 ஆணித்தலைகள். ஏஐ மெருகேற்றிய படத்தில் 9. அதில் ஒன்று பாதி கரைந்து வாரோடு ஒட்டிக் கிடக்கிறது, வாரின் பக்கிளைக் காணவே காணோம். வேஷம் கட்டிய அந்தப் பிள்ளை 5 மி.மீ. ஈவிஏ ஃபோமை (ரப்பர் மாதிரி மெத்தென்ற தாள்) வெட்டி, ஹீட் கன்னில் வாட்டி வளைத்து, ஆணித்தலை ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒட்டியிருக்கிறாள். படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் இருப்பது அவள் செய்த கவசம் இல்லை.

எதுவரை கை வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். உடையின் விளிம்பு வரைக்கும். அதற்கு வெளியே இருக்கும் வெளிச்சம், புகை, வானம், குறுக்கே போகும் கரண்டு கம்பி, பின்னால் எட்டிப் பார்க்கும் தலை எல்லாம் உன் பாடு. உள்ளே இருக்கும் தையல், வடிவம், உடம்பு அவள் பாடு. அழகருக்குத் தண்ணீர் பீய்ச்ச வேஷம் கட்டுகிறவர்களின் சல்லடத்தைப் பார்த்துத் தைத்தவரை மெச்சுகிற ஊர்க்காரன் நீ, உனக்கு இது புரியும்.

தகராறு விளிம்பில்தான் வரும். விக்கின் லேஸ் (முன் விளிம்பு வலை) நெற்றியில் தெரிகிறதா, மூடிவிடு. வாளைத் தாங்கிப் பிடித்த நரம்புக் கம்பியை அழி. வாளில் எல்இடி எரிந்தால் அதன் ஒளியைக் கூட்டலாம். எல்இடியே வைக்காத வாளில் நெருப்பு மூட்டினால் அது எஃபெக்ட், அப்படிச் சொல்லிவிட்டுச் செய். வெயிலில் ஒட்டு விட்டுக் கவசம் வாய் பிளந்திருந்தால்? அதே நாளில் எடுத்த வேறு ஃபிரேமில் அந்த இடம் மூடி இருக்கும், அங்கிருந்து வெட்டி ஒட்டு. எந்த ஃபிரேமிலும் இல்லையென்றால் அப்படியே விட்டுவிடு. உடையின் கைவேலையைப் பார்த்து மார்க் போடும் போட்டி என்றால் இந்தச் சலுகைகூடக் கிடையாது. கிராப், வெளிச்சம், ஒயிட் பேலன்ஸ், அவ்வளவுதான்.

ஏஐ ஏன் ஆணியைக் கூட்டியது என்று தெரிந்தால் பாதிச் சிக்கல் தீரும். ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகை படம் வரையும் ஏஐ மாடல்கள் படத்தை நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி, அங்கே வேலை பார்த்துவிட்டு மறுபடி விரிக்கின்றன. அந்தச் சுருக்கலிலேயே நூல் தையல், சங்கிலிக் கண்ணி, ஜரிகைப் புள்ளி மாதிரிப் பொடி வேலைகள் அடிபட்டுவிடும். விரிக்கும்போது ‘இங்கே ஆணி மாதிரி ஏதோ இருந்தது’ என்ற ஊகத்தில் வரைகிறது. அதற்கு எண்ணத் தெரியாது. டீநாய்சிங் அளவை (ஏஐ படத்தை எவ்வளவு மாற்றலாம் என்று 0 முதல் 1 வரை வைப்பது) 0.2, 0.3 என்று வைத்தால் தோலும் துணியும் வழுவழுப்பாவதோடு பெரும்பாலும் நிற்கும். 0.5-ஐத் தாண்டினால் பார்டர் டிசைனே வேறாகிவிடும், முகமும் அவள் அக்கா முகம் மாதிரி ஆகிவிடும். ஃபோட்டோஷாப்பின் ஜெனரேட்டிவ் ஃபில் நீ செலக்ட் செய்த இடத்தை மட்டும் மாற்றும். ‘ஒரு கிளிக்கில் ஹெச்டி’ என்று வரும் பல ஆப்கள் படம் முழுவதையும் புதிதாக வரைந்து கொடுக்கின்றன. உனக்கு வினை அங்கேதான்.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. மாற்றிய படத்தை ஃபோட்டோஷாப்பில் திற. அசலை அதே பிக்சல் அளவில் அதன் மேல் லேயராகப் போட்டு, பிளெண்ட் மோடை ‘டிஃபரன்ஸ்’ ஆக்கு. மாறாத இடம் கறுப்பாகத் தெரியும். மேலே லெவல்ஸ் லேயர் வைத்து வெள்ளை முனையை 40 வாக்கில் இழுத்தால் ஒளிந்திருக்கும் மாற்றமும் பளிச்சிடும். உடைக்குள் கோடு கோடாக மின்னினால், லெவல்ஸை அணைத்து, பிளெண்ட் மோடை மறுபடி ‘நார்மல்’ ஆக்கி, லேயர் மாஸ்க் போட்டு அந்த இடத்தில் அசலையே திரும்பக் கொண்டுவா. கலர் கிரேடிங்குக்கு முன்னால் இதைச் செய்துவிடு, இல்லாவிட்டால் படம் முழுக்க மின்னி ஒன்றும் விளங்காது.

தோல் நிறத்துக்கு வருகிறேன். கல்யாண ஆல்பத்தில் பொண்ணு மாப்பிள்ளையை ரெண்டு ஷேடு ஏற்றிக் கொடுக்கும் பழக்கம் நம் ஸ்டுடியோக்களின் பழைய வியாதி. அதை இங்கே கொண்டுவராதே. பருவை எடு, வியர்வைப் பளபளப்பைக் குறை. நிறத்தையும் இடுப்பையும் தொடாதே. கதாபாத்திரம் வெள்ளை என்றால், அதற்கு மேக்கப் போடுவதா வேண்டாமா என்று அவள் தீர்மானிக்கட்டும்.

பின்னணியிலும் ஒரு பொறி உண்டு. நிற்கவாக்கில் எடுத்ததைப் படுக்கையாக்க ஏஐயை விட்டு ஓரத்தை நீட்டினால், 1636-ல் கட்டிய மகாலில் இல்லாத தூணை நொடியில் எழுப்பிவிடும். வளைவின் சுதை வேலை கூழாகி நிற்கும். கோபுரம் என்றால் கேட்கவே வேண்டாம், எந்தப் புராணத்திலும் இல்லாத சிலைகள். அப்படியொரு படத்துக்குக் கீழே ‘நாயக்கர் மகால்’ என்று எழுதாதே. அதைவிட, எடுக்கும்போதே ரெண்டு எட்டு பின்னால் போய் ஓரம் விட்டு எடு.

உடை செய்யும்போதும் ஷூட் அன்றைக்கும் கொஞ்சம் கவனித்தால் பாதி எடிட்டிங் மிச்சம். கான்டாக்ட் பசையை ரெண்டு பக்கமும் தடவி, கையில் பிசுக்கென்று ஒட்டாத பதம் வரும்வரை, சுமார் 10-15 நிமிஷம், காயவிட்டுத்தான் சேர்க்கணும். அவசரப்பட்டு ஒட்டினது சித்திரை வெயிலில் பிளந்துகொள்ளும். கறுப்பு பெயின்ட் அடித்த கவசம் இன்னும் சீக்கிரம் சூடேறும், ஷாட்டுக்கு ஷாட் நிழலில் வைக்கச் சொல். பையில் ஃபெவிக்விக், சேஃப்டி பின், விக்குக்கு அகலப்பல் சீப்பு, எண்ணெய் ஒற்றும் பேப்பர்.

இன்னொன்று. அவளைக் கேட்காமல் அவள் முகத்தை எந்த ஏஐ தளத்திலும் ஏற்றாதே. பதினெட்டு ஆகாத பிள்ளை என்றால் அம்மா அப்பாவையும் கேள். படம் கொடுக்கும்போது அசலும் எடிட்டும் தனித்தனி ஃபோல்டரில் போகட்டும். கீழே ஒரு வரி போதும்: ‘நிறமும் ஒளியும் சரிசெய்தது, புகை ஏஐ, உடை முழுக்கக் கைவேலை.’

இப்போதைக்கு அந்தத் தோள் கவசத்தை மட்டும் அசலிலிருந்து மாஸ்க் பண்ணி அனுப்பு. பக்கிள் இருக்கிறதா என்று அவளையே ஒருதரம் பார்க்கச் சொல்லிவிட்டு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்