குட்டிக்குக் களிம்பு போடும் மூன்று நாள்

கோத்தகிரி

அன்பு அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். போனில் நீ பேசியது பாதி காதில் விழவில்லை, மேகம் இறங்கினால் இங்கே டவர் அப்படித்தான். இரண்டு சங்கதி சொன்னாய்: கண்ணாடிப் பவர் பார்க்கும் முன் குட்டிக்குக் கண்ணில் போடச் சொன்ன அட்ரோபின் களிம்பு, மாப்பிள்ளையின் சர்க்கரைக் கண் பரிசோதனை. இரண்டையும் எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன். அரசு ஆஸ்பத்திரியில் கண் பிரிவில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவன் பேச்சு என்று நினைத்துப் பொறுமையாகப் படி.

முதலில் குட்டி. கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் ஐந்து நிமிஷத்தில் பவர் சொல்கிறார்களே, மூன்று நாள் களிம்பு எதற்கு என்று கேட்டாய். சின்னப் பிள்ளைகளின் கண்ணுக்குள்ளே லென்ஸை இழுத்துப் பிடிக்கிற தசை ரொம்பத் துடியானது. ப்ளஸ் பவர் எவ்வளவு இருந்தாலும் இறுக்கி இறுக்கிச் சமாளித்துவிடும். ப்ளஸ் 4 இருக்கிற பிள்ளை மெஷினில் ப்ளஸ் 1 என்று காட்டும், சில சமயம் மைனஸ் என்றுகூடக் காட்டும். குட்டிக்கு ஒரு கண் உள்பக்கம் இழுக்கிறது என்கிறாய். அந்த மாதிரி மாறுகண் பல பிள்ளைகளுக்கு ஒளிந்திருக்கும் ப்ளஸ் பவரால்தான் வருகிறது. சரியான கண்ணாடி போட்டாலே பலருக்குக் கண் நேராகிவிடும். அந்தப் பவரை வெளியே கொண்டுவரத் தசையைக் கொஞ்ச நாள் தூங்கவைக்க வேண்டும், களிம்பின் வேலை அதுதான். கண்பாப்பா விரிவது அதோடு சேர்ந்து நடப்பது.

சொட்டு மருந்து தராமல் களிம்பு தந்தார்களே, அது நல்லது. கண்ணில் விட்ட சொட்டு கண்ணிலேயே நிற்காது. மூக்கோரம் இருக்கிற கண்ணீர்ப் பாதை வழியாக மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்கி ரத்தத்தில் கலந்துவிடும். 1 சதவீத அட்ரோபின் ஒரு சொட்டில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் மருந்து இருக்கிறது. பெரியவர்களுக்கு இதயத் துடிப்பு மோசமாகக் குறைந்தால் ஆஸ்பத்திரியில் ஊசியாக ஏற்றும் ஆம்பூலிலேயே 0.6 மில்லிகிராம்தான். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு சொட்டு என்றால் என்ன அளவு என்று நீயே பார். களிம்பு மெதுவாகத்தான் இறங்கும், ஆனால் அதிலும் இருப்பது அதே மருந்துதான்.

போடும் விதம் சொல்கிறேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. கீழ் இமையை இழுத்து உள்ளே அரிசி மணி அளவு வை, ட்யூப் முனை கண்ணில் படக்கூடாது. கண்ணை மூடச் சொல்லி, மூக்கோரம் உள்மூலையை விரலால் இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடி. அந்தப் பாதை அடைபட்டால் மருந்து தொண்டைக்கு அதிகம் போகாது. வெளியே வழிந்ததைப் பஞ்சால் துடைத்து எடுத்துவிடு. குட்டி கண்ணைத் தேய்த்துவிட்டுக் கட்டைவிரலை வாயில் வைக்கிறவள். பிறகு உன் கையையும் அவள் கையையும் மறுபடி கழுவு. நீ கழுவாமல் உன் கண்ணைத் தொட்டால் உன் கண்பாப்பாவும் விரிந்து நிற்கும், அப்புறம் ஆபீஸில் கம்ப்யூட்டர் எழுத்து தெரியாது. ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடாதே. பரிசோதனை அன்று காலையில் போடுவதா வேண்டாமா என்று கேட்டு வைத்துக்கொள். களிம்பு விழிமேல் படலமாக நின்றால், கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பவர் பார்க்கிற ரெட்டினோஸ்கோப்பில் நிழல் சரியாகத் தெரியாது, அதனால் பல டாக்டர்கள் அன்று காலை வேண்டாம் என்பார்கள்.

எனக்குப் பெரிய கவலை உங்கள் திருச்சி வெயில்தான். அட்ரோபின் வியர்வையை நிறுத்தும். இங்கே ஸ்வெட்டர் போட்டுத் திரிகிற பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது. மே மாதம் திருச்சியில் வியர்க்காவிட்டால் உடம்புச் சூடு எங்கே போகும்? முகம் செக்கச்செவேல் என்று ஆகி, தோல் காய்ந்து, நாக்கு வறண்டு, நெஞ்சு படபடவென்று அடித்து, உடம்பு கொதித்தால் சாதாரணக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிட்டு அடுத்த வேளைக் களிம்பையும் போட்டுவிடாதே. பிள்ளை சம்பந்தமில்லாமல் பிதற்றுவது, இல்லாததைப் பிடிக்கக் கை நீட்டுவது, அளவுக்கு மீறித் தூங்குவது, ஒண்ணுக்குப் போகாமல் இருப்பது, இதெல்லாமும் அந்த மருந்து உடம்பில் ஏறிய அடையாளம். களிம்பை நிறுத்து, ட்யூபைக் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. இப்படி ஆவது அபூர்வம். லேசாகக் கன்னம் சிவப்பது பல பிள்ளைகளுக்கு உண்டு, அதற்கும் டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடு. குட்டிக்குக் கைக்குழந்தையில் ஒரு தடவை காய்ச்சல் வலிப்பு வந்ததே, அதை டாக்டரிடம் சொன்னாயா? சொல்லாவிட்டால் களிம்பைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடு.

அந்த மூன்று நாளும் மதியம் வெளியே விடாதே, தண்ணீர் நிறையக் கொடு. களிம்பை நிறுத்தின பிறகும் பத்துப் பதினைந்து நாள்வரை கண்பாப்பா விரிந்தே இருக்கும். புத்தகம் பக்கத்தில் மங்கலாகத் தெரியும். வண்ணம் தீட்டவில்லை, எழுத்து வாசிக்கவில்லை என்று திட்டாதே, ட்யூஷன் மிஸ்ஸுக்கும் சொல்லி வை.

லீவுக்கு அந்த நிலைமையிலேயே இங்கே வருகிறாள் என்றால் விளிம்பு அகலமான தொப்பியும் குளிர்க்கண்ணாடியும் எடுத்து வா. குளிர் ஊர்தானே என்று நினைப்பார்கள். உயரத்தில் காற்று லேசு, புற ஊதாக் கதிர் கீழே இருப்பதைவிட அதிகம். மேகம் விலகினால் தேயிலைக் காடெல்லாம் கண் கூசும்.

இன்னொன்று. நம் ஊர் ரோட்டோரமெல்லாம் எக்காளம் மாதிரி பூ தலைகீழாய்த் தொங்குமே, வெள்ளையும் ஆரஞ்சும், ப்ரக்மான்சியா. ஊமத்தைக்குத் தங்கை முறை, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. செடி முழுக்க இதே வகை மருந்துதான் இருக்கிறது. ஒரு தடவை பக்கத்து ஹட்டியிலிருந்து (படகர் ஊர்) ஓர் அம்மாவை ஜீப்பில் வைத்துக் கொண்டுவந்தார்கள். ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாக நிற்கிறது, மூளையில் ரத்தம் கசிந்திருக்குமோ என்று வீடே அழுகிறது. டாக்டர் பாப்பாவைச் சுருக்குகிற பைலோகார்பின் சொட்டு விட்டார். நரம்புக் கோளாறாக இருந்திருந்தால் சுருங்கியிருக்கும், அது அசையவே இல்லை. காலையில் என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டால், வேலியோரம் அந்தப் பூச்செடியைக் கழித்தேன் என்கிறாள். சாறு பட்ட கையால் கண்ணைத் துடைத்திருக்கிறாள். தானாகவே சரியாகிவிட்டது. நம் வேலியில் இருந்ததை நான் வெட்டிவிட்டேன், அம்மாவுக்குக் கோபம். பக்கத்து வீட்டில் இன்னும் இருக்கிறது, குட்டியை அந்தப் பக்கம் விடாதே.

இனி மாப்பிள்ளை. கோவையில் காலையில் கண் காட்டிவிட்டு மதியம் தானே காரை ஓட்டிக் கோத்தகிரி ஏறிவிடலாம் என்று சொல்கிறாராம். வேண்டாம். அவருக்கு விடுவது பெரும்பாலும் ட்ராப்பிக்காமைடும் ஃபீனைல்எஃப்ரினும் கலந்த, பாப்பாவை விரிக்கிற சொட்டு. நாலிலிருந்து ஆறு மணி நேரம் என்று சொல்வார்கள், நம் கருத்த கண்ணில் மருந்து மெதுவாகப் பிடித்து மெதுவாகத்தான் விடும். சர்க்கரைக்காரர்களுக்குப் பாப்பா சீக்கிரம் விரியாது, திரும்பத் திரும்ப விடுவார்கள். அந்தக் கண்ணோடு மேட்டுப்பாளையம் தாண்டி, எதிரே லாரி ஹெட்லைட்டோடு வளைவில் திரும்பும்போது, ஒன்றும் தெரியாது. கோவையில் சித்தி வீட்டில் ராத்தங்கிவிட்டு மறுநாள் வாருங்கள், இல்லையென்றால் பஸ் ஏறுங்கள்.

ஃபீனைல்எஃப்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றும். அவர் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர், சொட்டு விடும் முன்பே அதைச் சொல்லச் சொல். அதைவிட முக்கியம், அவர் சின்ன வயதிலிருந்து ப்ளஸ் கண்ணாடி போடுகிறவர் (குட்டிக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா?). ப்ளஸ் கண் கொஞ்சம் குட்டையான கண், முன்பக்கம் நீர் வடியும் மூலை சிலருக்கு ரொம்பக் குறுகலாக இருக்கும். பாப்பா விரியும்போது அந்த மூலை அடைபட்டால் கண்ணழுத்தம் சட்டென்று ஏறிவிடும். கேம்ப்களில் நாங்கள் சொட்டு விடும் முன் பொட்டுப் பக்கமிருந்து டார்ச் அடித்துப் பார்ப்போம், மூக்குப் பக்கம் நிழல் விழுந்தால் விடாமல் டாக்டரிடம் அனுப்புவோம். இப்போது அந்த மூலையைப் பார்க்க ஸ்லிட் லாம்பும் கோனியோஸ்கோப்பும் என்று கருவிகள் இருக்கின்றன. "ஆங்கிள் பார்த்துவிட்டு மருந்து விடுங்கள்" என்று அவர் வாய்விட்டுக் கேட்கலாம், தப்பில்லை.

அப்படி அடைபடுவது ஆஸ்பத்திரியிலேயே நடக்கும் என்றில்லை. பாப்பா பாதி சுருங்கி வரும்போது, வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் பலருக்குத் தொடங்கும். கண் சிவந்து, ஒரு பக்கத் தலை பிளந்து, விளக்கைச் சுற்றி வானவில் வட்டம் தெரிந்து, வாந்தியும் வரும். பித்தம், ஒற்றைத் தலைவலி என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொண்டு விடியும்வரை படுத்திருப்பார்கள், அதற்குள் பார்வை நரம்பு கெட்டுவிடும். அப்படி ஏதாவது வந்தால் ராத்திரி எத்தனை மணியானாலும் கண் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ராத்தங்கக் கோவையைச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைப் படித்துவிட்டுச் சொட்டே வேண்டாம் என்று மாப்பிள்ளை சொன்னால், நான் சொன்னதாகத் திட்டு. விரிக்காத கண்ணில் விழித்திரையின் ஓரம் தெரியாது. சர்க்கரைக்காரர் வருஷா வருஷம் பார்க்காமல் விடுவதுதான் பெரிய ஆபத்து.

களிம்பு மிச்சமானால் மருந்துப் பெட்டியில் வைக்காதே, யாராவது கண் சிவப்புக்கு எடுத்துப் போட்டுவிடுவார்கள். குட்டியை இரண்டு மூன்று வாரம் கழித்துக் கண்ணாடி எழுத மறுபடி கூப்பிடுவார்கள். அந்தத் தேதியைக் கேட்டுக்கொண்ட பிறகு இங்கே வரும் நாளை முடிவு செய்.

இப்படிக்கு,
அப்பா