முள் இறங்கிய இரவு

கடலூர் முதுநகர்
ஜூன் 20

அன்புள்ள சேகர்,

நலம். உன் கடிதம் வந்தபோது பண்ருட்டிப் பலாவை அறுத்துக்கொண்டிருந்தேன். உறையெல்லாம் பலாப் பால் ஒட்டிக்கொண்டது. கடைசிப் பக்கத்தைப் பிரிக்கவே முடியவில்லை. முக்கியமான செய்தி ஏதும் இருந்திருந்தால் திரும்ப எழுது.

பருவமழை தொடங்கிவிட்டதால் மும்பைக் கடலில் குழாய் போடும் வேலை நின்றிருக்கிறது. அக்டோபரில் கூப்பிடுவார்கள். சரியாக இங்கே மழையும் புயலும் தொடங்கும் நேரம்! 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் முந்திரித் தோப்பைச் சாய்த்தபோதும் நான் அங்கே பார்ஜில்தான், அதாவது குழாய் போடும் மிதவைக் கப்பலில்தான் இருந்தேன். அம்மா இன்றும் சொல்லிக் காட்டுகிறாள்.

கடலுக்குள் இறங்கியா பற்றவைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாய். இல்லையப்பா, வெல்டிங் எல்லாம் பார்ஜின் மேலேதான். 12 மீட்டர் குழாய்களை ஒவ்வொன்றாக இணைத்து, சோதித்து, பின்பக்கமாகக் கடலில் இறக்குவோம். மிதந்துவிடாமல் இருக்கக் குழாய்க்குக் கான்கிரீட் சட்டை உண்டு. இறங்கும்போது இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். பிடி தளர்ந்தால் தரை தொடும் இடத்தில் மடங்கி நசுங்கிவிடும். நசுங்கியதா என்று பார்க்க, குழாய்க்குள் ஓடும் 'பிக்' என்ற கருவி ஒன்றைத் தண்ணீரால் உள்ளே தள்ளுவோம். ஆம், பெயருக்குப் பன்றிதான்! அதன் உடம்பில் ஓர் அலுமினியத் தட்டு இருக்கும்; குழாய் எங்காவது நசுங்கியிருந்தால் தட்டின் விளிம்பு வளைந்துவிடும். மறுமுனையில் அது வெளியே வந்ததும் எல்லோரும் அந்தத் தட்டின் விளிம்பைத்தான் விரலால் தடவிப் பார்ப்போம்.

அடுத்தது அழுத்தச் சோதனை. குழாயில் தண்ணீரை நிரப்பி, வடிவமைத்த அழுத்தத்தைப் போல் 1.25 மடங்கு ஏற்றி, 24 மணி நேரம் காவல் இருக்க வேண்டும். சென்ற மாதம் இரவு 2 மணிக்கு அழுத்தமானியின் முள் இறங்கத் தொடங்கியது. கசிவுதான், முக்குளிப்பவர்களை அனுப்பு என்று இளம் பொறியாளர் ஒருவர் குதித்தார். கசிந்தால் கண்ணில் படத்தான் தண்ணீரில் பச்சைச் சாயம் கலக்கிறோம். ஆனால் எனக்கு அவசரப்படத் தோன்றவில்லை. வெப்பநிலைத் தாளைப் பார்த்தேன். மேல்மட்டத்து வெதுவெதுப்பான தண்ணீரை நிரப்பி, அது அடியாழக் குளிருக்குப் பழகும் முன்பே கணக்கைத் தொடங்கியிருந்தார்கள். மூடிய குழாயில் தண்ணீர் சற்றுக் குளிர்ந்தாலும் முள் இறங்கத்தான் செய்யும். விடியும்போது முள் இறங்குவது நின்றுவிட்டது. 24 மணி நேரத்தை மறுபடி முதலிலிருந்து எண்ணினோம். அந்தப் பையன் என் முகத்தைப் பார்க்காமலே டீயை நீட்டினான்.

வரும் ஞாயிறு புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறிவிடு. மாலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போவோம். பலாக்கொட்டை காயவைத்திருக்கிறேன், சுட்டுத் தின்னலாம்.

உன்,
ராஜா