நகர்மன்றத்தின் கையில் போலீஸ்

ஆசிரியருக்கு,

வணக்கம். போலீஸை அந்தந்த ஊர் நகராட்சியிடம் ஒப்படைத்துவிட்டால் பாதி முறைகேடு ஒழிந்துவிடும் என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். இங்கிலாந்து நகரங்களில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அப்படித்தான் இருந்தது. கவுன்சிலர்கள் அடங்கிய கண்காணிப்புக் குழுதான் போலீஸை நியமிக்கும், அதுவே நீக்கும். அதற்குக் கடற்கரை ஊரான பிரைட்டனைப் பார்க்கலாம்.

அங்கே போலீஸ் படை 1838இல் தொடங்கியது. அதன் தலைவர் ஹென்றி சாலமன், 1844 மார்ச்சில் நகர்மன்றக் கட்டடத்தில் இருந்த போலீஸ் அலுவலகத்திலேயே தாக்கப்பட்டார். கம்பளம் திருடியதாகப் பிடித்து வந்த ஜான் லாரன்ஸ், கணப்பைக் கிளறும் இரும்புக் கம்பியை எடுத்து அவர் மண்டையில் போட்டுவிட்டான். மறுநாள் சாலமன் இறந்தார். லாரன்ஸைத் தூக்கிலிட்டார்கள். பிரைட்டன் போலீஸ் என்றதும் பலரும் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது 1957இல் நடந்தது. லஞ்ச விவகாரத்தில் போலீஸ் தலைவர் சார்லஸ் ரிட்ஜும் இரண்டு துப்பறியும் அதிகாரிகளும் கைதானார்கள். 1958 பிப்ரவரியில் அதிகாரிகள் இருவருக்கும் சிறை, ரிட்ஜ் விடுதலை. ஆனால் அவருடைய தலைமை சரியில்லை என்று நீதிபதி கண்டித்திருந்தார். குழுவுக்கு அது போதுமானதாக இருந்தது. மார்ச் 7 அன்று கூடி அவரை நீக்கிவிட்டது. அவரை அழைக்கவில்லை, குற்றச்சாட்டு இன்னதென்று எழுதித் தரவும் இல்லை. 33 வருட சர்வீஸ், பென்ஷனோடு சேர்ந்து போயிற்று. பதினோரு நாள் கழித்து அவருடைய வக்கீலைப் பேச விட்டார்கள், முடிவை மாற்றவில்லை. ஊரே கொதித்துக்கொண்டிருந்தபோது கவுன்சிலர்கள் வேறு என்ன செய்வார்கள்? அடுத்த தேர்தலில் அந்த ஊர் முகத்தில்தானே விழிக்க வேண்டும்!

ரிட்ஜ் வழக்குப் போட்டார். திரும்ப வேலை வேண்டும் என்பதல்ல, பென்ஷன்தான் விஷயம். இரண்டு நீதிமன்றங்களில் தோற்று, 1963 மார்ச்சில், அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையில் ஜெயித்தார். தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தராமல் நீக்கியது செல்லாது என்று ஐவரில் நால்வர் தீர்ப்பளித்தார்கள். ரிட்ஜ் – பால்ட்வின் வழக்கு என்றால் நம் ஊர்ச் சட்ட மாணவர்களுக்கும் தெரியும். ஓரிரு ஆண்டுகளிலேயே நம் உச்ச நீதிமன்றம் அதை எடுத்துப் பேசியது. வேடிக்கை என்னவென்றால், நம் அரசியல் சட்டத்தின் 311ஆவது பிரிவு அந்த வாய்ப்பைச் சாதாரணக் காவலருக்கே 1950இல் கொடுத்துவிட்டது.

அப்புறம் 1968இல் பிரைட்டன் படையைச் சசெக்ஸ் போலீஸோடு சேர்த்துவிட்டார்கள். ரிட்ஜ் நல்லவர் என்று நான் வாதாடவில்லை. நகராட்சியிடம் கொடுக்கச் சொல்லும் அந்த வாசகர், நீக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கும், எந்த விதிப்படி என்பதையும் எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை