மூணு கிளிக்கா சார்?

வணக்கம் ஆசிரியர் சார்,

போன இதழ் கணினிப் பக்கத்துல "வேண்டாத குக்கீகளுக்கு மூன்றே கிளிக்கில் விடை கொடுக்கலாம், சோம்பல் மட்டும்தான் தடை"ன்னு ஒரு வரி போட்டிருந்தீங்க. குக்கீன்னா நாம போற தளம் நம்மளை ஞாபகம் வச்சுக்க நம்ம பிரவுசர்ல எழுதி வைக்கற சின்னக் குறிப்பு, அதை வச்சுத்தான் விளம்பரமும் பின்னாடியே வருது. அந்த சோம்பல்ங்கற வார்த்தை மூணு நாளா முள்ளு மாதிரி குத்திக்கிட்டே இருக்கு. ஒரு ஞாயித்துக்கிழமை முழுசையும் இதுக்கே தொலைச்சவன் சார் நான்.

விஷயம் இதுதான். பொண்ணோட பள்ளிக்கூட நாடகத்துக்காக ஒட்டுத்தாடி எங்க கிடைக்கும்னு ஒரே ஒரு தடவை ஒரு ஷாப்பிங் தளத்துல தேடினேன், வாங்கக்கூட இல்ல. அன்னைலேர்ந்து செய்தி படிக்கப் போனா தாடி, கிரிக்கெட் ஸ்கோர் பாக்கப் போனா தாடி, ஆபீஸ் மீட்டிங்ல ஸ்க்ரீன் ஷேர் பண்ணி ஒரு பக்கத்தைத் திறந்தா ஓரத்துல வெள்ளைத் தாடியோட ஒருத்தர் சிரிக்கிறார். "என்ன சார், சந்நியாசமா"ன்னு மேனேஜர் கேட்டதுக்கு எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சு வச்சேன்.

சரின்னு உங்க மூணு கிளிக்கை செஞ்சேன். பிரவுசர் செட்டிங்ஸ், அதுல பிரைவசி, அதுல அழி. அழிஞ்சுடுச்சுன்னு காட்டுச்சு, அடுத்த பக்கத்துல தாடி அப்படியே உக்காந்திருக்கு. அப்புறம்தான் பாத்தேன், அந்தப் பெட்டியில 'கடைசி ஒரு மணி நேரம்'னு தானாவே போட்டு வச்சிருக்கான். நான் தாடி தேடி மூணு வாரம் ஆச்சு. 'எல்லா நேரமும்'னு நாமளா மாத்தணும்னு உங்க கட்டுரையில ஒரு வார்த்தை கிடையாது. ஆனா 1994ல நெட்ஸ்கேப்ங்கற பிரவுசர் கம்பெனியில வேலை பாத்த லூ மொன்டுல்லி எப்படி குக்கீயைக் கண்டுபிடிச்சார், ஒரு குக்கீ ஏறக்குறைய 4 கேபிதான் இருக்கும்னு அரைப் பக்கம் இருக்கு. நல்ல வரலாறுதான், அதை வச்சு தாடியை எடுக்க முடியலையே.

எல்லா நேரத்தையும் அழிச்சேன். மெயில், பேங்க், கரண்ட் பில், ஒண்ணு விடாம எல்லாத்துலேர்ந்தும் வெளிய தள்ளிடுச்சு. பாஸ்வேர்ட் மறந்து, ஓடிபி வந்து, அது லேட்டா வந்து காலாவதியாகி, மறுபடி கேட்டு, மதியம் ஆயிடுச்சு. திறந்து கிடந்த டேப்களை மூடாம அழிச்சா அந்தப் பக்கமே திரும்ப குக்கீயை எழுதி வச்சுடும்ங்கறது அப்புறம்தான் உறைச்சுது. மூடிட்டு மறுபடி அழிச்சேன். குக்கீ தவிர, தளங்கள் நம்ம கம்ப்யூட்டர்ல தகவலைப் போட்டு வைக்க லோக்கல் ஸ்டோரேஜ்னு வேற ஒரு பரண் இருக்கு, 'தளத் தரவு'ங்கறதையும் சேர்த்து டிக் பண்ணினாத்தான் அதுவும் காலியாகும். அதையும் செஞ்சேன். ஷாப்பிங் தளத்துல லாகின் பண்ணின அடுத்த நிமிஷம் தாடிக்காரர் ஆஜர்! ஏன்னா நான் துடைச்சது என் கம்ப்யூட்டரை மட்டும்தான், என் பேர்ல அவங்க சர்வர்ல எழுதி வச்சிருக்கறதை நான் எப்படி சார் துடைக்கறது? கணக்குக்குள்ள போய் தேடின வரலாற்றை நீக்கினப்புறம்தான் ஓரளவு அடங்குச்சு. இதுல எங்க இருக்கு சோம்பல்?

தடுக்கறதும் இதே கதைதான். எல்லாத்தையும் தடுத்தா லாகின் பண்ண விடாம 'குக்கீயை ஆன் செய்யவும்'ங்கறான். மூணாம் தரப்பு குக்கீயை, அதாவது நாம திறந்த தளம் இல்லாம விளம்பரக்காரங்க மாதிரி வெளியாள் எழுதறதை, மட்டும் தடுத்தா பெரும்பாலும் ஓடுது, ஆனா ஒரு பில் கட்டற பக்கம் அரை மணி நேரம் சுத்திக்கிட்டே இருந்துச்சு, அதுக்கு மட்டும் விலக்கு கொடுத்தேன். பிரவுசரை மூடும்போது தானாவே அழிக்கற வசதின்னு ஒண்ணு இருக்கு, அதைப் பத்தியாவது எழுதியிருக்கலாம்.

இது இன்னைக்கு நேத்து கோவம் இல்ல. இன்காக்னிட்டோங்கற பிரவுசரோட ரகசிய ஜன்னல்ல போனா யாராலயும் பின்தொடர முடியாதுன்னு முன்னாடி ஒரு தடவை எழுதினீங்க, அது ஜன்னலை மூடினா நம்ம பக்கத்து தடயத்தை அழிக்குமே தவிர வேறென்ன செய்யும்? 2020ல கூகுள் ரெண்டு வருஷத்துல மூணாம் தரப்பு குக்கீயை ஒழிச்சுடுவேன்னு சொன்னதும் 'குக்கீ யுகம் முடிந்தது'ன்னு கொட்டை எழுத்துல போட்டீங்க. தள்ளித் தள்ளிப் போய் 2024 ஜூலையில அந்தத் திட்டத்தையே மாத்திக்கிட்டாங்களே, அதுக்கு ஒரு குட்டிப் பெட்டிச் செய்தி வந்துச்சா? அதைக் கேட்டு நான் எழுதின கடிதத்தையும் ரெண்டு வரியா வெட்டி, பேரைத் தப்பா போட்டீங்க.

சொல்லக் கூடாதுன்னு பாத்தேன், ஆனா உங்க இதழோட வலைத்தளம் என்ன லட்சணத்துல இருக்கு? உள்ள நுழைஞ்சதும் குக்கீக்கு சம்மதம் கேக்கற பெட்டியில 'அனைத்தையும் ஏற்கிறேன்' பட்டன் நல்ல சிவப்புல பளபளன்னு இருக்கு. 'விருப்பங்கள்' வெளிறின சாம்பல் கலர்ல, என் கண்ணாடியைப் போட்டாத்தான் தெரியுது. அதுக்குள்ள போனா ஏதேதோ பங்குதாரர்கள் பட்டியல், ஸ்க்ரோல் பண்ணி விரல் வலிச்சுது, பாதிப் பேருக்கு 'நியாயமான நலன்'ங்கற பேர்ல, அதாவது சம்மதம் கேக்காமலே தகவலை எடுத்துக்கலாம்ங்கற சாக்குல, ஏற்கனவே ஆன். ஏத்துக்க ஒரே கிளிக், மறுக்க பல கிளிக்னு வச்சதுக்குத்தானே பிரான்ஸ்ல 2022 ஜனவரியில கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் போட்டாங்க? உங்களுக்குத் தெரியாததா. இதுல கூத்து என்னன்னா, நான் வேண்டாம்னு சொன்னதை உங்க தளம் ஒரு குக்கீயிலதான் எழுதி வைக்குது. உங்க பேச்சைக் கேட்டு அழிச்சேன்னா அதுவும் போச்சு, மறுபடி அதே சிவப்பு பட்டன், மறுபடி அதே பட்டியல்.

பெருசா ஒண்ணும் கேக்கலை. அடுத்த இதழ்ல 'எல்லா நேரமும்'னு மாத்தணும், டேப்களை மூடிட்டு அழிக்கணும்னு ஒரு திருத்தம் போடுங்க, கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துலன்னாலும் பரவாயில்ல. உங்க தளத்துல 'வேண்டாம்'னு ஒரு பட்டன், அதே அளவுல, அதே சிவப்புல. அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தையும் வெட்டித்தான் போடுவீங்கன்னா லூ மொன்டுல்லியை வெட்டிக்கோங்க, தாடியை விட்டுடுங்க.

இப்படிக்கு,
உங்க பழைய சந்தாதாரன்