ஒன்றேகால் யூரோ

ஆசிரியர் அவர்களுக்கு,

மொரீஷியஸின் போர்ட் லூயியில் ஓர் இறக்குமதி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். மின்னஞ்சலில் வரும் பில்லைத் திறப்பது, தொகையை எக்செல்லில் ஏற்றுவது, உள்ளூர் பில்லென்றால் 15 சதவீத வாட் (மதிப்புக்கூட்டு) வரியைச் சரிபார்ப்பது, வங்கித் தளத்தில் படிவம் நிரப்புவது என்று அரை நாள் இழுக்கும் வேலையை இப்போது பிரவுசருக்குள்ளேயே இயங்கும் ஏஐ ஏஜென்ட் (சொன்ன வேலையைத் தானே கிளிக் செய்து, தட்டச்சு செய்து முடிக்கும் மென்பொருள்) முடித்துவிடுகிறது. 2025 ஜனவரியில் ஓப்பன்ஏஐ நிறுவனம் 'ஆப்பரேட்டர்' என்ற இப்படியொரு ஏஜென்ட்டை வெளியிட்டபோது சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

சென்ற மாதம் பக்கத்திலுள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனிலிருந்து வந்த பிரெஞ்சு பில்லில் '1.250' என்றிருந்தது. புள்ளி ஆயிரத்தைப் பிரிக்க வைத்தது; நமக்கு ஆயிரத்து இருநூற்றைம்பது யூரோ. ஏஜென்ட்டுக்கு ஒன்றேகால் யூரோ! கடைசிப் பொத்தானை நான்தான் அழுத்துவேன் என்று வைத்திருந்ததால் பிழைத்தேன்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. பில்லிலோ இணையப் பக்கத்திலோ கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் 'இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பு' என்று எவனாவது எழுதிவைத்தால், அதையும் முதலாளியின் உத்தரவாகவே அது எடுத்துக்கொள்ளக்கூடும். என் நண்பர் ஒருவரோ வங்கிக் கடவுச்சொல்லையே கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார்.

இதுபற்றி ஒரு விரிவான கட்டுரை போடுங்களேன். தமிழில் வந்தால் எங்கள் முதலாளியின் அப்பாவும் படிப்பார். செக்கில் கையெழுத்து இன்னமும் அவருடையதுதான்.

இப்படிக்கு,
ஒரு கணக்கர், போர்ட் லூயி