டாக்ஸி காசு

அக்கா,

போன்ல பேசுனா ரெண்டே நிமிஷம், "சரிடா நீ தூங்கு, அங்க ராத்திரி ஆயிருக்கும்"னு வச்சிடுற. உன் பையன் வேற ஒரு வாரமா விடாம மெசேஜ், மாமா நீ பாஸ்கெட்பால் பிளேயர் யானிஸ் ஊர்லதானே இருக்க, பாத்தியா, பேசுனியா, அவரு மாதிரி ஆகணும்னா என்ன பண்ணணும்னு. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, அதான் உக்காந்து எழுதுறேன். நீளமாத்தான் போகும், அவனுக்கு நீயே படிச்சுக் காட்டு. நடுவுல ஒரு இடம் உனக்கு மட்டும், அது வந்தா உனக்கே தெரியும், அதை விட்டுட்டுப் படி.

இங்க அமெரிக்காவுல, மில்வாக்கில, 2022 ஜனவரி பொறந்ததுல இருந்து குளிர் கொல்லுது. காலைல மைனஸ் 18. வெளிய போயி மூச்சை இழுத்தா மூக்குல இருக்கிற முடி உறைஞ்சு முள்ளு மாதிரி குத்துது, மிச்சிகன் ஏரி மேல இருந்து ஈர விறகு புகையிற மாதிரி ஆவி கிளம்புது. அழகாத்தான் இருக்கு, ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தா.

பையன் கேள்விக்கு வரேன். நேர்ல பாத்திருக்கேன், ஆனா எனக்குக் கட்டுபடியாகிற டிக்கெட் எல்லாம் கூரைக்குப் பக்கத்து வரிசை, அங்க இருந்து பாத்தா எல்லாரும் கேரம் காயின் மாதிரிதான் தெரிவாங்க. இவரு மட்டும் தனியாத் தெரிவாரு, 6 அடி 11 அங்குலம், நம்ம ஆளு நாலு தட்டு தட்டிப் போற தூரத்தை ரெண்டு எட்டுல முடிச்சிடுவாரு. பேசுனதெல்லாம் கிடையாதுடா கண்ணா.

அவரு அமெரிக்காக்காரர் இல்ல, அது அவனுக்குத் தெரியுமா? அப்பா அம்மா நைஜீரியாவுல இருந்து ஏதென்ஸுக்குப் பொழைக்கப் போனவங்க. இவரு 1994ல அங்கதான் பொறந்தாரு, ஆனா கிரீஸ்ல பொறந்துட்டா மட்டும் குடியுரிமை வந்துடாதாம், 18 வயசு வரைக்கும் எந்த நாட்டு பாஸ்போர்ட்டும் இல்ல. அண்ணன் தம்பிங்க சேர்ந்து தெருவுல வாட்ச், கூலிங் கிளாஸ், ஹேண்ட்பேக் வித்திருக்காங்க. அண்ணன் தனாசிஸுக்கும் இவருக்கும் ஆட ஒரே ஜோடி ஷூ, ஒருத்தர் ஆடி முடிச்சு வெளிய வந்து கழட்டிக் குடுத்தாத்தான் இன்னொருத்தர் உள்ள போகணும். பேரும் பாரு, அசல்ல அடெடோகுன்போ, கிரேக்க எழுத்துல எழுதி அதை மறுபடி இங்கிலீஷுக்கு மாத்துனதுல அன்டெடோகூன்போ ஆயிடுச்சு. எங்க ஆபீஸ்ல என் பேரைப் படுத்துற பாட்டுக்கு இது எவ்வளவோ தேவலாம்.

2013 மே மாசம் குடியுரிமை குடுத்தாங்க, ஜூன் மாசம் டிராஃப்ட். டிராஃப்ட்னா, என்.பி.ஏ.ன்னு இங்க இருக்கிற பெரிய பாஸ்கெட்பால் லீக்குக்கு, உலகம் பூரா இருந்து வர்ற பசங்கள்ல வருஷத்துக்கு 60 பேர் வரைக்கும் டீமுங்க வரிசையா எடுக்கிறது. இவரை 15வதா எங்க ஊரு டீம் மில்வாக்கி பக்ஸ் எடுத்துச்சு. எடுத்தப்ப ஊர்க்காரங்க யாருக்கும் இந்தப் பையன் யாருன்னே தெரியாது, ஒல்லிப்பிச்சான், அதுக்கு முன்னாடி ஆடுனது கிரீஸ்ல இரண்டாம் டிவிஷன். அந்த சீசன்ல டீம் 82 மேட்ச்ல 15தான் ஜெயிச்சுச்சு. நான் இங்க வந்து இறங்குனதும் அதே 2013 அக்டோபர்தான், ஆபீஸ்ல டிக்கெட்டை இலவசமா குடுத்தாங்க, அப்பவும் போக ஆளில்ல.

இப்ப யானிஸோட ஒரு குளிர் கதை. நவம்பர் மாசம், 18 வயசுப் பையன், குடும்பம் இன்னும் ஏதென்ஸ்ல, விசா வரல. டாக்ஸி புடிச்சு வெஸ்டர்ன் யூனியனுக்குப் போயி கையில இருந்த டாலர் மொத்தத்தையும் வீட்டுக்கு அனுப்பிட்டாரு. அனுப்பிட்டு வெளிய வந்து பாத்தா ஸ்டேடியம் போக டாக்ஸிக்குக் காசில்ல. அன்னிக்கு சாயங்காலம் மேட்ச் வேற. போட்டிருந்தது மெல்லிசா ஒரு ஜாக்கெட், அதோட ரோட்டுல ஓட ஆரம்பிச்சிட்டாரு. வழியில கார்ல போன ஒரு புருஷன் பொண்டாட்டி, இவ்ளோ உசரமா ஒரு பையன் ஓடுறானேன்னு பாத்து, அடையாளம் தெரிஞ்சு ஏத்திக்கிட்டுப் போயி விட்டிருக்காங்க. என்.பி.ஏ. பிளேயர் அக்கா, அந்த வருஷச் சம்பளமே 18 லட்சம் டாலர் பக்கம், ஆனா காண்ட்ராக்ட்ல எழுதுறது வேற, கைக்கு வர்றது வேற, அவங்களுக்கு சம்பளச் செக்கே நவம்பர் பாதியிலதான் வர ஆரம்பிக்கும்.

(இதுதான் உனக்கு மட்டும்.) இந்தக் கதையை நான் ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் படிச்சேன், படிச்சிட்டு பாத்ரூம்ல போயி கதவைச் சாத்திக்கிட்டேன். அதே நவம்பர், என் முதல் சம்பளம், என் டிக்கெட்டுக்காக நீ அடகு வச்ச வளையல் ஞாபகம், வட்டி ஏறுதுன்னு அம்மா சொன்னது, எல்லாம் சேர்ந்து ரூம் வாடகையை எடுத்து வச்சிட்டு மிச்சத்தை அப்படியே அனுப்பிட்டேன். அடுத்த சம்பளத்துக்கு ரெண்டு வாரம் இருக்குன்னு அப்புறம்தான் உறைக்குது. கையில 11 டாலர். பஸ் ஏறாம ஆபீஸுக்கு நடந்தேன், போக முக்கால் மணி நேரம், வர முக்கால் மணி நேரம், ஊர்ல வாங்குன அந்த நீல ஸ்வெட்டர்தான், கோட் வாங்கல. நீ போன் பண்ணப்ப மூச்சு வாங்குதே என்னடான்னு கேட்ட, ஜிம்முக்குப் போயிட்டு வரேன்னு சொன்னேன். நீ சந்தோஷப்பட்ட, பரவால்ல உடம்பைப் பாத்துக்கிறான்னு. எனக்கு எந்தக் காரும் நிக்கல, நிக்கவும் வேணாம், நான் என்ன 6 அடி 11 அங்குலமா. இவ்வளவு நாள் ஏன் சொல்லலன்னு கேக்காத, எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல.

சரி, பையன்கிட்ட இதையும் சொல்லு, இது முக்கியம். டிவில பாக்கிறது அவங்க பொழப்புல கொஞ்சம்தான். 82 மேட்ச்ல 41 வெளியூரு, சில சமயம் ஒரு ஊர்ல ராத்திரி ஆடிட்டு அப்பவே ஃபிளைட் ஏறி விடியக்காலைல வேற ஊர்ல இறங்கி அன்னிக்கே மறுபடி ஆடணும். எந்த மாநிலத்துல போயி ஆடுறாங்களோ அந்த மாநிலமும் அந்த மேட்ச் சம்பளத்துல வரி கேக்கும், கேக்காத மாநிலம் கொஞ்சம்தான். மொத்தம் 30 டீம், டீமுக்கு 15 பேரு, 450 நாற்காலி, அதுக்கு உலகம் பூரா க்யூ. நிறைய பேரு நாலஞ்சு வருஷத்துல வெளிய வந்துடுறாங்க. அதே வீட்டுல பொறந்து அதே ஷூவைப் போட்டு ஆடுன தனாசிஸைப் பாரு, 2014ல 51வதா நியூயார்க் எடுத்துச்சு, ரெண்டே மேட்ச் ஆட விட்டாங்க, அப்புறம் ஸ்பெயின் லீக்கு, திரும்ப கிரீஸ், 2019லதான் தம்பி டீமுக்கே வந்து சேர்ந்தாரு, அதுவும் பெரும்பாலும் பெஞ்சுதான். பெஞ்சுல உக்காந்தாலும் துண்டைச் சுத்திக்கிட்டு அவரு போடுற சத்தம் இருக்கே, எனக்கு என்னமோ அவரைத்தான் ரொம்பப் புடிக்கும். பாஸ்கெட்பால் ஆடுற நிறைய பேரோட வாழ்க்கை தனாசிஸ் வாழ்க்கைதான், யானிஸ் வாழ்க்கை இல்ல.

யானிஸ் 2019, 2020 ரெண்டு வருஷமும் எம்.வி.பி., அதாவது லீக்லயே சிறந்த பிளேயர். ஆனா கப் வரல, வெளியூர்க்காரன் எப்படியும் பெரிய சிட்டிக்கு ஓடிடுவான்னு எங்க ஆபீஸ்லயே பந்தயம் கட்டுனாங்க. 2020 டிசம்பர்ல இங்கயே இன்னும் அஞ்சு வருஷம்னு 228 மில்லியன் டாலருக்கு கையெழுத்துப் போட்டாரு. போன வருஷம் ஜூன் கடைசில அட்லாண்டா மேட்ச்ல முட்டி பின்பக்கமா மடங்கிருச்சு, டிவில அதைப் பாத்து நான் கண்ணை மூடிட்டேன், அவ்வளவுதான் கால் போச்சுன்னு நினைச்சேன். ஒரே வாரம், ஃபைனல்ஸ் முதல் மேட்ச்ல வந்து நிக்கிறாரு.

ஃபைனல்ஸ்ல முதல்ல நாலு மேட்ச் ஜெயிக்கிற டீமுக்குத்தான் கப். ஜூலை 20, ஆறாவது மேட்ச், நான் ஸ்டேடியத்துக்கு வெளிய டீர் டிஸ்ட்ரிக்ட்ங்கிற திடல்ல. 65,000 பேருன்னு சொன்னாங்க, எனக்கு முன்னாடி ஒரு தாத்தா, பக்ஸ் கடைசியா ஜெயிச்ச 1971ல ஸ்கூல் பையனாம், கரீம் அப்துல்-ஜப்பார்ங்கிற பெரிய பிளேயர் அப்ப இந்த டீம்தான், அதையே அன்னிக்கு நாலு தடவை சொன்னாரு. யானிஸுக்கு ஃப்ரீ த்ரோன்னாலே கண்டம், எதிர் டீம் தப்பு பண்ணா யாரும் தடுக்காம நின்னு கூடையில போட விடுறதுதான் அது. 10 செகண்டுக்குள்ள போடணும், இவரு மெதுவா தட்டி, மூச்சு இழுத்து விட்டு நிப்பாரு, எதிர் டீம் ஊர்ல கூட்டமே சத்தமா எண்ணும், ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு, பதினொண்ணு பன்னெண்டு வரைக்கும் கிண்டலா. அன்னிக்கு 19 போட்டாரு, 17 உள்ள. ஒவ்வொண்ணுக்கும் அந்தத் தாத்தா என் கையைப் புடிச்சிக்கிட்டாரு, விரல் நசுங்கிப் போச்சு, அந்த வயசுல அவ்ளோ பலம் எங்க இருந்து வந்துச்சோ. மொத்தம் 50 பாயிண்ட், 105-98னு ஜெயிச்சு கப் வந்துடுச்சு. 2013லயே இந்த டீம் பிளேயர் ஒருத்தர் மியாமியை ஆறே மேட்ச்ல முடிப்போம்னு சவடால் விட்டு நாலுலயே தோத்தாங்க, அப்ப இருந்து "பக்ஸ் இன் சிக்ஸ்" இங்க ஒரு ஜோக், அன்னிக்கு ராத்திரி விடிய விடிய ரோட்டுல அதையேதான் கத்துனோம். முடிஞ்சதும் அவரு ஒரு சேர்ல போயி உக்காந்து மூஞ்சியை மூடிக்கிட்டு அழுதாரு. அப்பா 2017லயே போயிட்டாரு, பாக்கக் குடுத்து வைக்கல.

மறுநாள் காலைல கோப்பையும் கையுமா கார்ல போயி சிக்கன் நக்கெட் கரெக்டா 50 வேணும், 51 வேணாம்னு ஆர்டர் பண்ண வீடியோவை உன் பையன் நூறு தடவை பாத்திருப்பான், அதை நான் எழுத வேணாம்.

டாக்ஸிக்குக் காசில்லாம ஓடுன அன்னிக்கு அவரு போயி சேர்ந்த அந்தப் பழைய ஸ்டேடியத்தை இடிச்சிட்டாங்க அக்கா, புது ஸ்டேடியம் பக்கத்துலயே கட்டிட்டாங்க. அந்தப் பக்கம் போனா நான் சும்மா ஒரு நிமிஷம் நிப்பேன்.

பையனோட ஷூ சைஸ் அனுப்பு, ஒரு பேப்பர்ல பாதத்தை வச்சுக் கோடு போட்டு போட்டோ எடுத்தாலும் போதும். அப்புறம் ஒண்ணு. போன வாரம் வீடியோ கால்ல உன் கையைப் பாத்தேன், வளையல் காணோம். அவன் கோச்சிங் ஃபீஸுக்கு மறுபடி வச்சிட்டியா? மச்சானுக்குத் தெரியாம இருந்தா எனக்கு மட்டும் சொல்லு. இப்ப என்கிட்ட டாக்ஸிக்குக் காசு இருக்கு.

உன் தம்பி